வீட்டுப் படமும் தொலைக்காட்சிப் பெட்டியும்

முன்னைநாதப் பெருமானுக்கும் வடிவாம்பிகைக்கும் ஆவணியை ஒட்டி நடைபெறும் மகோற்சவம் 28 நாள் நீடிப்பதாகும். சிலாபத்துக்கு அண்மையிலுள்ள முன்னேஸ்வரத்துக்கு அந்நாள்களில் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வந்து வழிபடுவர். தெதுறு ஓயாவில் தீர்த்தமாடுதலோடு விழா நிறைவெய்தும். அதன் பின்னர் கடைகள் பிரிக்கப்படும், வீதி வெறுமையாகும். எனினும் வீடுகளுக்குள் விழா மற்றொரு வடிவில் தொடர்வதை இக்காலத்திற் காண்கிறோம். தேர் வந்த காட்சியை வீட்டுப் பிள்ளை கைத்தொலைபேசியிற் பிடித்திருப்பான். காவடி எடுத்த மருமகனை ஸ்ரூடியோக்காரர் பெரிய கமராவில் எடுத்துக் கொடுத்திருப்பார். விழாவுக்கென்று கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்து போன உறவினர் தாம் எடுத்தவற்றைப் பின்னர் அனுப்பியிருப்பர். இவை யாவும் விரல் நீளமுள்ள ஒரு பென் டிரைவினுள் அடங்கிவிடுகின்றன.

அதனைத் தொலைக்காட்சிப் பெட்டியிற் செருகி, அப்பம்மா முதல் பேரப்பிள்ளை வரை எல்லாரும் சுற்றி அமர்ந்த வேளையில், திரையிலே படம் தோன்றுவதற்குப் பதிலாக, 'இக்கோப்பைத் திறக்க இயலாது' என்னும் ஒரு வரி தோன்றுமானால் அவ்வீட்டாரின் ஏமாற்றம் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சில வேளை படம் வரும், ஒலி வராது. சில வேளை ஒலி வரும், படம் வராது. சில வேளை நின்றுகொண்டிருக்கும் மனிதர் திரையிலே படுத்துக் கிடப்பர்.

ஏமாற்றம் ஒரு நாளிலே மறையும். ஆனால், அதனைத் தொடர்ந்து சிலர் செய்யும் காரியம் மறையாத நட்டத்தைத் தரும். பென் டிரைவை அறிந்துகொள்ள இயலாத பெட்டியோ கணினியோ, 'இதனைப் புதிதாக வடிவமைக்கட்டுமா?' என்று கேட்கும். பொருள் விளங்காமல் 'ஆம்' என்று அழுத்திவிடுவர். அக்கணமே உள்ளிருந்த கோப்புக்களின் அட்டவணை அழிக்கப்படும். வேறு சிலர் கடையிற் கொடுத்துப் 'பெட்டிக்கு ஏற்றவாறு' மாற்றுவித்துக்கொண்டு, மூலக்கோப்பு இனி எதற்கு என்று அதனை நீக்கிவிடுவர். ஆகவே இவ்வாரம் வீட்டுப் பெட்டியில் வீட்டுப் படம் ஏன் ஓடாது போகின்றது, ஓடச் செய்யும் வழி யாது, மூலத்துக்குக் கேடு வராமற் காப்பது எங்ஙனம் என்பவற்றைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

முற்காலத்து நிலையை முதலில் நோக்குவோம். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆந் திகதி சுயாதீனத் தொலைக்காட்சியோடு தொடங்கிற்று. 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தொடங்கியது. அதே பத்தாண்டில் 'டெக்' என்று நம்மவர் அழைத்த ஒளிநாடா இயந்திரமும் ஊர்களுக்குள் வந்தது. பெட்டியையும் டெக்கையும் ஒருங்கே வாடகைக்கு எடுத்து, முற்றத்திற் பாய் விரித்து, விடியும்வரை மூன்று படம் பார்த்த இரவுகளை ஐம்பது வயதைக் கடந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். திருமணத்தையும் பூப்புனித நீராட்டு விழாவையும் ஒளிநாடாவிற் பிடித்து வைக்கும் வழக்கமும் அக்காலத்திலேயே வேரூன்றியது.

ஒளிநாடா எளிமையானது: செருகினால் ஓடும். எனினும் அக்காலத்திலும் இடையூறு இல்லாமலில்லை. நமது நாட்டில் வழங்கியது பால் என்னும் முறை. ஒரு படத்துக்கு 625 வரி, வினாடிக்கு 25 படம். இலண்டனிலும் அம்முறையே ஆதலால் அங்கிருந்து வந்த நாடா இங்கே ஒழுங்காக ஓடிற்று. கனடாவில் வழங்கிய என்.டி.எஸ்.சி. முறைக்கு 525 வரி, வினாடிக்கு ஏறத்தாழ 30 படம். ரொறன்ரோவில் நடந்த கல்யாண நாடா இங்குள்ள பல டெக்குகளில் வெறும் கோடுகளாய் உருண்டது. பிரான்சில் வழங்கிய சீக்காம் முறையிற் பதிந்த நாடா இங்கே கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. பாரிசிலிருந்து வந்த நாடாவிற் கூறைச்சேலையின் சிவப்பைக் காண இயலாமற் போன வீடுகளும் உண்டு. பதிந்தவனும் பார்ப்பவனும் ஒரே முறையைக் கைக்கொண்டாலன்றிப் படம் தெரியாது என்பதே அன்றும் இன்றும் இதன் அடிப்படை. அன்று முறைகள் மூன்று. இன்று அவை பலவாய்ப் பெருகிவிட்டன.

பல்கிப் பெருகிய காரணத்தை அறிய மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். இக்காலத்து முழு உயர்தெளிவுப் படம் ஒன்றில் அகலவாக்கில் 1920 புள்ளியும் உயரவாக்கில் 1080 புள்ளியும் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறத்துக்குமாக 3 பைட் வேண்டும். ஆகவே ஒரு படத்துக்கு 62 இலட்சம் பைட்டுக்கு மேல். வினாடிக்கு 25 படம், மணிக்கு 3600 வினாடி. இவ்வாறு பெருக்கிக்கொண்டே போனால் ஒரு மணி நேர ஒளிப்பதிவுக்கு ஏறத்தாழ 560 கிகாபைட் இடம் வேண்டும் என்று விடை வரும். 28 நாள் திருவிழாவில் நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பதிந்தாலும் அதனை வைக்க ஒரு வீட்டில் இடமிராது.

நடைமுறையிலோ ஒரு மணி நேரப் படம் 3 அல்லது 4 கிகாபைட்டுக்குள் அடங்கிவிடுகின்றது. அஃதாவது ஏறத்தாழ நூற்றைம்பது மடங்கு சுருக்கப்படுகின்றது. அடுத்தடுத்த படங்களிற் கோபுரம் அசைவதில்லை. அசைவது தேரும் மக்களுமே. அசையாத கோபுரத்தை ஒரு முறை எழுதிவிட்டு, அசைந்த பகுதி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வதும், கண் உணராத நுண்ணிய வேறுபாடுகளை விட்டுவிடுவதுமே இச்சுருக்கத்தின் சூட்சுமம். இப்படிச் சுருக்குவதற்குரிய இலக்கணத்தைக் 'கோடெக்' என்பர். இறுவட்டுக் காலத்தில் எம்பெக்-2 என்னும் இலக்கணம் வழங்கிற்று. 2003இல் எச்.264 வந்தது. 2013இல் வந்த எச்.265, அதே தெளிவை ஏறத்தாழப் பாதி இடத்தில் அடக்கிவிடுகின்றது.

இனி, சுருக்கிய படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கட்டி வைக்க ஒரு கொள்கலம் வேண்டும். கோப்பின் பெயருக்குப் பின்னாற் காணப்படும் எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்பன அக்கொள்கலங்களின் பெயர்கள். ஏ.வி.ஐ. 1992இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. எம்.கே.வி. 2002இல் தோன்றியது, ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் உருசிய மரப்பாவையின் பெயரைத் தழுவி அதற்கு மத்ரோஸ்கா என்று பெயரிட்டனர்.

கொள்கலம் வேறு, உள்ளிருக்கும் இலக்கணம் வேறு என்னும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சிலாபத்துச் சந்தையிற் கூடைகள் ஒரே மாதிரியாக அடுக்கியிருக்கும். ஒன்றினுள் சூடை இருக்கும், மற்றொன்றினுள் இறால் இருக்கும். கூடையைப் பார்த்து மீனைச் சொல்ல இயலாது. அதுபோலவே, 'எங்கள் பெட்டி எம்.பி.4 திறக்கும் என்று கடைக்காரர் சொன்னாரே, இந்த எம்.பி.4 மட்டும் ஏன் திறக்கவில்லை?' என்று கேட்போர்க்கு விடை இதுவே: கூடையைப் பெட்டி அறியும், உள்ளிருக்கும் மீனை அறியாது. கோப்பின் பெயரில் ஏ.வி.ஐ. என்பதை அழித்து எம்.பி.4 என்று எழுதினாலும் உள்ளிருப்பது மாறுவதில்லை.

கணினியில் ஓடும் அதே கோப்பு தொலைக்காட்சியில் ஓடாதது ஏன் என்ற வினாவும் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படுகின்றது. தொலைக்காட்சிப் பெட்டியினுள் படத்தை விரிப்பதற்கென்றே அமைந்த ஒரு சிறு சில்லு இருக்கின்றது. அது செய்யப்பட்ட ஆண்டில் எந்தெந்த இலக்கணங்களைக் கற்றதோ அவற்றையே என்றும் அறியும். பின்னர் வந்தவற்றைக் கற்றுக்கொள்ளாது. 2010இற் செய்த பெட்டி 2013இல் வெளியான எச்.265ஐ அறிய வழியில்லை. கணினியோ மென்பொருளின் துணையால் விரிப்பது. புதிய மென்பொருளை இட்டால் புதிய இலக்கணத்தையும் கற்கும். வீ.எல்.சி. என்னும் இலவச மென்பொருளைப் பலரும் அறிவர். 1996இல் பாரிஸ் மாநகரப் பொறியியற் கல்லூரி ஒன்றின் மாணவர் தொடங்கிய முயற்சி அது. 2001இல் யாவரும் பயன்படுத்தத்தக்க திறந்த மென்பொருளாக வெளியிடப்பட்டது. பெட்டி திறக்காத கோப்பை வீ.எல்.சி. திறக்குமாயின் கோப்பிற் பழுது இல்லை என்று அறியலாம். எனவே எதனையும் அழிக்குமுன் இச்சோதனையைச் செய்தல் வேண்டும்.

தடை நேரக்கூடிய இடங்களை இப்போது வரிசையாக நோக்குவோம்.

முதலாவது, பென் டிரைவே. கோப்புக்களை அடுக்கி வைக்கும் முறைகள் பல. பழைய பெட்டிகள் ஃபாட்32 என்னும் முறையை மட்டுமே அறியும். அம்முறையில் ஒரு தனிக்கோப்பு 4 கிகாபைட்டை எட்டுதல் ஆகாது. 32 கிகாபைட் கொள்ளும் வெற்றுப் பென் டிரைவிற்கூட 5 கிகாபைட் கோப்பை ஏற்ற இயலாமல் மலைப்போர் இதனை அறிந்துகொள்வார்களாக. வினாடிக்கு 80 இலட்சம் பிட் என்னும் அளவிற் பதிந்த கலியாணப் படம் ஏறத்தாழ 70 நிமிடத்தில் இவ்வெல்லையைத் தொட்டுவிடும். பல கமராக்கள் நீண்ட பதிவைத் தாமே துண்டு துண்டாக வெட்டிவிடுவதும், தாலி கட்டும் வேளையிற் படம் நின்று அடுத்த துண்டுக்குத் தாவுவதும் இதனாலேயே. 2006இல் வந்த எக்ஸ்ஃபாட் என்னும் முறைக்கு இவ்வெல்லை இல்லை. புதிய பெட்டிகளுட் பல அதனை ஏற்கின்றன. பெட்டி ஏற்குமா என்று சோதிக்க வெறுமையான வேறொரு பென் டிரைவை எடுத்துக்கொள்க. படம் உள்ளதனைச் சோதனைக்கு உட்படுத்தற்க. சுழலும் வன்தட்டைச் செருகுவோர் மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். பெட்டியின் யூ.எஸ்.பி. துளை தரும் மின்சாரம் சில வன்தட்டுக்களுக்குப் போதாது. 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி நின்றுவிடும். அப்போது தனி மின்னிணைப்புடைய வன்தட்டே தக்கது.

இரண்டாவது, படத்தின் இலக்கணம். 2017ஆம் ஆண்டு தொடக்கம் ஐபோன்கள் பல எச்.265 முறையிலேயே பதிகின்றன. வெளிநாட்டு உறவினர் அனுப்பிய படம் பழைய பெட்டியில் திறவாமைக்கு இது ஒரு முதன்மையான காரணம். கமரா அமைப்பில், 'பெரிதும் பொருந்துவது' என்னும் தெரிவை முன்னரே வைத்துக்கொண்டு எடுக்கும்படி அவர்களிடம் சொல்லி வைத்தால் அடுத்த ஆண்டுத் திருவிழாப் படம் எச்.264 முறையில் வந்து சேரும்.

மூன்றாவது, ஒலி. படம் தெளிவாக ஓடி ஒலி மட்டும் வராவிடின் ஒலியின் இலக்கணத்தைப் பெட்டி அறியவில்லை என்பது பொருள். டி.டி.எஸ். போன்ற சில ஒலி முறைகளுக்கு உற்பத்தியாளர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருத்தலின் அவற்றைச் சில பெட்டிகள் ஏற்பதில்லை. ஏ.ஏ.சி. என்னும் ஒலி முறை பெரும்பாலும் தடையின்றி ஒலிக்கும்.

நான்காவது, படத்தின் கீழே ஓடும் எழுத்து. வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும், சிங்கள நண்பருக்காகச் சிங்களத்திலும், செவி மந்தமான முதியோருக்காகத் தமிழிலும் எழுத்து இட விரும்புவோர் உளர். எஸ்.ஆர்.டி. என்னும் எழுத்துக் கோப்பைப் படக் கோப்பின் அதே பெயரோடு அருகில் வைத்தாற் பல பெட்டிகள் தாமே எடுத்துக்கொள்ளும். அதனை யூனிகோட் முறையிற் சேமிக்க வேண்டும். நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் ஆங்கில எழுத்துக் குவியலாகவே திரையிற் தோன்றும். ஏனெனில் பாமினி ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்தி வைத்த ஏற்பாடு. யூனிகோடில் இருந்தும் கட்டங்கட்டமாகத் தெரியுமானால் அப்பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று கொள்க. அந்நிலையில் எழுத்தைப் படத்தோடு ஒன்றாகப் பதித்துவிடுதலே வழி.

ஐந்தாவது, படுத்த படம். தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுக்கும்போது, 'இதனைத் திருப்பிக் காட்டுக' என்னும் ஒரு குறிப்பு மட்டுமே கோப்பில் எழுதப்படுகின்றது. சில பெட்டிகள் அக்குறிப்பைப் படிப்பதில்லை. பெட்டியிற் பார்ப்பதற்கென எடுப்போர் தொலைபேசியைக் கிடையாகப் பிடிப்பதே உத்தமம்.

இனிப் பரிகாரம் கூறுவோம். கோப்புக்கு எவ்விதத் தீங்கும் செய்யாத வழிகளை முதலிற் கைக்கொள்ளல் வேண்டும். அவற்றுள் எளியது, மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ. கம்பியாற் பெட்டியோடு இணைத்தல். அப்போது படத்தை விரிப்பது கணினி; பெட்டி வெறுந்திரையாகவே நிற்கும். ஆகவே எச்.டி.எம்.ஐ. துளை உள்ள பெட்டியாயின், அது பழையதாயினும் தடையில்லை. மகனோ மகளோ படிப்புக்கென வாங்கிய கணினியும் ஒரு கம்பியும் இருந்தாற் போதும். அடுத்தது, பெட்டியின் எச்.டி.எம்.ஐ. துளையிற் செருகும் சிறு சாதனம். இவற்றிற் பலவற்றில் வீ.எல்.சி. போன்ற மென்பொருளை இட்டுக்கொள்ளலாம். ஆயினும் ஒரு கம்பனியின் ஒரு சாதனத்தையே நம்பி இருத்தல் தகாது. 2013இல் வெளிவந்து உலகெங்கும் விற்பனையான குரோம்காஸ்ட் என்னும் சாதனத்தின் உற்பத்தி 2024இல் நிறுத்தப்பட்டதை இதற்குச் சான்றாகக் காட்டலாம்.

மூன்றாவது வழி வீட்டு வலையமைப்பு. கணினியிலுள்ள படத்தை வைஃபை வழியே பெட்டிக்கு அனுப்பும் ஏற்பாடு, டி.எல்.என்.ஏ. என்னும் பெயரால் 2003ஆம் ஆண்டு முதல் வளர்க்கப்பட்டது. வீட்டுக்குள்ளேயே படம் செல்வதால் நீங்கள் பணங் கொடுத்து வாங்கிய இணையத் தரவு இதற்குச் செலவாவதில்லை. எனினும் பெட்டியே படத்தை விரிக்க வேண்டியிருத்தலால், முன்னர் கூறிய இலக்கணத் தடை இங்கும் நேரலாம்.

இவை ஒன்றும் கைகூடாதபோதே கோப்பை மாற்றுதல் வேண்டும். மாற்றத்திலும் இரு வகை உண்டு. உள்ளிருக்கும் இலக்கணத்தைப் பெட்டி அறிந்திருந்து, கொள்கலத்தை மட்டும் அறியாதிருப்பின், கொள்கலத்தை மாற்றினாற் போதும். எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள் இதனைச் சில நிமிடத்திற் செய்யும்; படத்தின் தெளிவு அணுவளவும் குன்றாது. இலக்கணத்தையே மாற்றுவது மற்றொரு வகை. ஹாண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருள் அதனைச் செய்கின்றது. அதற்கு மணிக்கணக்காகும், ஒவ்வொரு மாற்றத்திலும் தெளிவு சிறிது குன்றும். முன்னையது ஒரு கூடை மீனை வேறு கூடைக்கு மாற்றுவது. பின்னையது மீனைக் கருவாடாக்குவது. கருவாடும் பயன்படும், நெடுந்தூரமும் போகும். ஆனால் அதனை மறுபடி பச்சை மீனாக்க எவராலும் இயலாது. எனவே மாற்றிய கோப்பு கைக்கு வந்த பின்னரும் மூலக்கோப்பை ஒருபோதும் நீக்கற்க. வாட்ஸ்அப்பிற் படமாக அனுப்பினால் அதுவும் அறியாமலே செய்யும் கருவாடுதான். அச்செயலி படத்தை வெகுவாகச் சுருக்கிவிடும். 'ஆவணம்' என்னும் வழியால் அனுப்பினால் 2 கிகாபைட் வரையுள்ள மூலக்கோப்பு உள்ளவாறே போய்ச் சேரும்.

இவையெல்லாம் கோப்பு கையில் உள்ளோர்க்கு. கோப்பாகவே மாறாத படங்கள் இன்னும் எத்தனையோ வீடுகளிற் பெட்டகத்தினுள் உறங்குகின்றன. அவற்றை நினைக்கும்போது நமக்குக் கவலை மிகுகின்றது. வீ.எச்.எஸ். இயந்திரங்களைக் கடைசி வரை செய்துவந்த யப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 யூலையில் அத்தொழிலை நிறுத்திற்று. உள்ள இயந்திரங்கள் ஒவ்வொன்றாய்ப் பழுதாகின்றன. உதிரிப் பாகம் கிடைப்பது அரிது. கடற்காற்றும் ஈரமும் நிறைந்த நமது கரையோரத்திலே நாடாவிற் பூஞ்சணம் பிடிக்கின்றது. பூஞ்சணம் பிடித்த நாடாவை இயந்திரத்தில் இட்டால் நாடாவும் கெடும், இயந்திரமும் கெடும்; தொழில் தெரிந்தவரிடம் துப்புரவு செய்வித்த பின்னரே இடல் வேண்டும். இருபது ஆண்டுக்கு முன் நாடாவை இறுவட்டாக மாற்றுவித்தோரும் நிம்மதியாக இருத்தற்கில்லை. வீட்டில் எழுதப்படும் இறுவட்டின் சாயப் படலம் வெப்பத்தாலும் ஒளியாலும் மங்குகின்றது. இன்னும் படிக்கக்கூடியவற்றை இப்பொழுதே வன்தட்டுக்கு மாற்றுக. அவற்றிலுள்ள எம்பெக்-2 கோப்புக்களைப் பெரும்பாலான பெட்டிகள் அப்படியே திறக்கும் ஆதலால் வேறு மாற்றம் வேண்டுவதில்லை.

இவற்றை ஏன் இத்துணை அழுத்திக் கூறுகின்றோம் எனில், அந்நாடாக்களிலே இருப்பவர்களுட் பலர் இன்று இல்லை. நிழற்படத்திலே தாத்தாவின் முகம் இருக்கும். அவருடைய குரலும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலை மேற்பார்வை செய்த நடையும் கலியாண நாடா ஒன்றிலேயே இருக்கும். இடம்பெயர்வினாலும் பிற இடர்களாலும் நிழற்பட அல்பங்களையே இழந்த குடும்பங்களுக்கு, உறவினர் வீட்டில் எஞ்சிய ஒரு நாடாவே முழுச் செல்வம். இறந்தவரின் குரலைப் பேரப்பிள்ளை கேட்பதும் கேளாது போவதும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி நாம் செய்யும் வேலையைப் பொறுத்தது.

முன்னேஸ்வரத்திற் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அம்மன்னன் 15ஆம் நூற்றாண்டினன். போர்த்துக்கேயர் காலத்திற் கோயில் இடிபட்டது. 1753இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் ஆதரவில் அது மீண்டும் எழுந்தது. கல்வெட்டோ இன்றும் படிக்கப்படுகின்றது. கல்லைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். நமது கோப்புக்களைப் படிக்கவோ மின்சாரமும் இயந்திரமும் இலக்கணமும் ஒருங்கே வேண்டும். மூன்றில் ஒன்று தவறினும் அது வெறும் எண் வரிசை. ஆகையால் கல்லுக்கு வேண்டாத பராமரிப்பு கோப்புக்கு வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று படி இருத்தல் நன்று: ஒன்று வீட்டுக் கணினியில், ஒன்று தனி வன்தட்டில், ஒன்று வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ உள்ள உறவினரிடத்தில். பென் டிரைவ் கொண்டுசெல்வதற்கு உரியது. காத்து வைப்பதற்கு உரியதன்று. கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது அதனைப் பிடுங்குதல் ஆகாது. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களை அனுபவித்த நமக்கு, எழுதும் வேளையில் மின்சாரம் நின்றாற் கோப்புச் சிதையும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை எல்லாவற்றையும் திறந்து பார்த்து, புதிய வன்தட்டுக்கு மாற்றுவது நலம்.

பெயரிடுதலிலும் கவனம் வேண்டும். கமரா இட்ட எண்ணையே பெயராக விட்டுவைத்தால் பத்தாண்டு கழித்து எது எதுவென்று எவருக்கும் தெரியாது. ஆண்டு, மாதம், நாள், நிகழ்ச்சி, இடம் என்ற ஒழுங்கிற் பெயரிடுக. பெட்டியில் எல்லாருமாகப் பார்க்கும் மாலையில், வீட்டிலுள்ள மாணவர் ஒருவர் கொப்பியும் பேனையுமாக அமர்ந்து, 'அந்தப் பச்சைச் சேலைக்காரர் யார்? நாதஸ்வரம் வாசித்தவர் எவ்வூர்?' என்று முதியோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வாராயின், அக்குறிப்பு படத்தைவிட உயர்ந்த மதிப்பைப் பெறும். கைத்தொலைபேசியிற் தனித்தனியே பார்ப்பதினும் பெருந்திரையில் ஒருங்கிருந்து பார்ப்பது சிறந்தது என்று நாம் கூறுவது இதனாலேயே. சிறு திரையிற் பின்வரிசை முகங்கள் தெரியா. தெரிந்தாலும் அடையாளம் சொல்ல அருகில் ஆள் இரார்.

கடையிற் கொடுத்து மாற்றுவிப்போருக்கு ஒன்று கூறி முடிப்போம். பென் டிரைவினுள் இருப்பது வீட்டுப் பெண்கள், பிள்ளைகளின் உருவமும் குரலும். மாற்றவேண்டிய கோப்பின் ஒரு படியை மட்டும் வெற்றுப் பென் டிரைவில் இட்டுக் கொடுங்கள். வீட்டிலுள்ளவை யாவும் அடங்கிய வன்தட்டை அந்நியர் கையில் ஒப்படையாதீர்கள். இயன்றவரை அருகிருந்தே செய்வித்து, வேலை முடிந்ததும் கடைக் கணினியிலுள்ள படியை உங்கள் முன்னிலையிலேயே நீக்கச் செய்யுங்கள். வீட்டில் நாடாவோ பழைய இறுவட்டோ உள்ள நேயர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவற்றை வெளியே எடுத்து, இவற்றில் எவை இன்னும் ஓடுகின்றன என்று பார்த்து, ஓடுவனவற்றை முதலிற் படியெடுத்து வைப்பார்களாக.